குகைக்குள் கொடுக்காத குரல்

குகை பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திகூட ஆசைப்படவில்லை. சாமி கும்பிடத்தான் போனோம். திருப்பதி, அகோபிலம், மகாநந்தி என்று வரிசையாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற வழியில், வேன்காரர்தான் பேலம் குகையைப் பார்க்காமல் போனால் ஊரில் சிரிப்பார்கள் என்று கிளப்பிவிட்டார். நாட்டிலேயே பேர்போன குகையாம், பூமிக்கு அடியில் மைல் கணக்கில் போகுமாம். ஊரில் யார் சிரிப்பார்களாம்? சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்தக் குகையின் பேரைக் கேட்டவர்களே கிடையாது. ஆனாலும் பின் சீட்டில் இருந்து யாரோ, 'போலாம், போலாம், வந்ததுக்கு அதையும் பார்த்துடலாம்' என்றார்கள். யார் என்று கேட்டால் இன்றுவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஜனவரி கடைசி. குளிருக்குக் கொழுந்து சரியாகத் துளிர்க்காது, தோட்டத்தில் லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். வேனில் பதினாலு பேர். பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். மற்ற இரண்டு பேர் அவர்களில் இருவருடைய வீட்டுக்காரர்கள், மூட்டை தூக்குவதற்கென்று வந்தவர்கள். என் வீட்டுக்காரர் வரவில்லை. கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்டார். கோழியெல்லாம் சாக்கு. வேனில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும், அதைச் சொல்ல வெட்கம்.

என் தங்கை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி சீட்டில். அப்படி உட்காரும்படி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது லயத்து நாய்க்குக்கூடத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் அவள் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் நான் வேறு மேஜைக்குப் போவேன். கோயில் வரிசையில் எங்களுக்கு நடுவில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அந்த நாலு பேரும் பாவம், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்துச் சிரித்தே களைத்துப் போனார்கள்.

சண்டை எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா சிலோனிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து, சேரம்பாடித் தோட்டத்தில் நிரந்தர வேலைக்குப் பேர் பதிந்தவள். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தாள். அவள் வேலையை விடும்போது, அவள் பேருக்குப் பதிலாக வீட்டில் ஒருத்தருடைய பேரைப் பதியலாம். பேர் பதிந்தவர்களுக்கே அந்த லயத்து வீடும் சேரும். அந்தப் பேரை என் மகனுக்குக் கொடு என்று நான் கேட்டேன். நான் ஏற்கெனவே பேர் பதிந்தவள், கீழ் லயத்தில் வீட்டுக்காரரோடு இருந்தேன். அதே சமயம் தங்கை, கட்டிக்கொடுத்த அரவேணுவில் இருந்து பதினாலு வயசு மகனோடு வந்து நின்றாள். கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அம்மா ஒரு வார்த்தை என்னிடம் கேட்காமல் ஆபீசுக்குப் போய்த் தங்கையின் பேரைக் கொடுத்துவிட்டாள்.

நான் அன்றைக்கு அம்மா இருந்த மேல் லயத்து வாசலில் நின்று பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள், அன்றைக்கு என் வாயை மூடவே உலைமூடி இல்லை. கடைசியில், இந்த வாசலை மிதித்தால் என்னைச் செருப்பால் அடி என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மகன் கோயம்புத்தூருக்குப் போய் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, கல்யாணமும் பண்ணி நன்றாகவே இருக்கிறான். தோட்டத்து வேலை கிடைத்திருந்தால்தான் அவன் கெட்டுப் போயிருப்பான். அது எனக்கு இரண்டு வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்காக வீம்பை விட முடியுமா?

நாலு வருஷம் கழித்து அம்மா இறந்தாள். விடியற்காலையில் ஆள் வந்து சொன்னார்கள், தூக்கத்திலேயே போய்விட்டது என்று. செருப்படி பட்டாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு அந்த வாசலை மிதித்தேன். காரியம் முடிந்ததும் வந்துவிட்டேன். அன்றும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இதில் பெரிய கொடுமை, அம்மாவின் பேரோடு அம்மாவின் நெரையும் தங்கைக்குப் போனது. நெரை என்றால் தேயிலைச் செடியின் வரிசை. எங்கள் மலையில் ஆளுக்கு ஒரு நெரை, அவரவர் நெரையில் அவரவர்தான் எடுக்க வேண்டும். அம்மாவின் நெரை என் நெரைக்கு அடுத்தது. ஆக ஒன்பது வருஷமும் அவள் எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள். சூப்பர்வைசரிடம் கேட்டால் மாற்றிக் கொடுத்திருப்பார். அவள் கேட்கட்டும் என்று நான் இருந்தேன், நான் கேட்கட்டும் என்று அவள் இருந்திருப்பாள்.

ஆனால் பனிமூட்டம் இறங்கினால் மட்டும் சட்டம் வேறு. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மூட்டம் இறங்கினால் தன் கையில் இருக்கும் கொழுந்தே தெரியாது. தண்ணீர் போக வெட்டிய கான் இருக்கும், குழி இருக்கும், யானையும் நிற்கும். அதனால் கடைசி நெரையில் இருப்பவள் முதலில் 'ஹோய்' என்று குரல் கொடுப்பாள். அடுத்த நெரைக்காரி கொடுப்பாள், அதற்கடுத்தவள், இப்படியே பன்னிரண்டு பேரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். ஒருத்தி குரல் கொடுக்கவில்லை என்றால் எல்லோரும் கொழுந்துச் சாக்கைப் போட்டுவிட்டு அவளைத் தேடி ஓட வேண்டும். ஒரு தடவை அப்படி ஒருத்தியின் குரல் வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தபோது யானை அப்போதுதான் இறங்கிப் போயிருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. அதிலிருந்து சண்டைக்காரியோ சக்களத்தியோ, பக்கத்து நெரைக்காரி குரல் கொடுத்தால் மறுகுரல் கொடுத்தே ஆக வேண்டும். ஒன்பது வருஷமாக எனக்கும் தங்கைக்கும் இருந்த பேச்சு அந்த ஒரு 'ஹோய்'தான்.

டூரில் மகாநந்தியில் குளத்தில் முழுகிவிட்டுச் சேலை பிழிந்துகொண்டிருந்தேன். கடைசி நெரைக்காரி பக்கத்தில் வந்து நின்றார். எங்களில் அவர்தான் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா முறை. என் தங்கை வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றும், மாசி பிறந்ததும் திருப்பூருக்கு மகனோடு போகிறாள் என்றும் சொன்னார். மகன் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வீடு எடுத்துவிட்டானாம். லயத்து வீட்டை ஆபீசில் ஒப்படைக்கப் போகிறாளாம். வேனில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பிழிந்த சேலையையே மறுபடியும் பிழிந்தேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவள், ஊரைவிட்டே போகிறாள், அதை எனக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இனி எனக்கு அவளைப் பார்க்கவே வழியில்லை. கல்யாணம் காட்சி என்று வந்தால் உண்டு, அதுவும் அவள் கூப்பிட்டால்தானே? ஊர் போய்ச் சேர்வதற்குள் அவள் என்னை 'அக்கா' என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவள்தான் முதலில் கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான் போய்ப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று கடைசி நெரைக்காரியும் சொன்னார். மூத்தவள் நான், நான் எப்படி முதலில் போவது?

பேலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. எங்கு பார்த்தாலும் கட்டாந்தரை, கல், சிமென்ட் லாரி. மலை என்று பேருக்கு ஒரு மேடுகூடக் கிடையாது. மலையில்லாத ஊரில் குகை எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் குகை என்றால் பாறையில் ஏறிப் போக வேண்டும், உள்ளே சிலுசிலு என்று குளிரும், ஈரம் சொட்டும். அதனால் வேனை விட்டு இறங்கும்போதே பன்னிரண்டு பேரும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டோம். இரண்டு பேர் தலையில் மப்ளரும் கட்டிக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கும் இடத்தில் நின்ற தெலுங்குக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நாங்கள் ஏதோ விரதக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எங்களுக்கு ஒரு கைடு கிடைத்தார். நாற்பது வயது இருக்கும், சட்டைப் பையில் டார்ச். சென்னையில் கொஞ்ச காலம் இருந்தவராம், தமிழ் பேசினார். ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள் அம்மா, உள்ளே புழுங்கும் என்றார். நாங்கள் கேட்கவில்லை. குளிர் தேசத்துக்காரர்களுக்கு இவர் குளிரைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரா என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

தரையில் பெரிய கிணறு மாதிரி ஒரு வாய். அதற்குள் படி இறங்குகிறது. இறங்க இறங்க வானம் சின்னதாகிக்கொண்டே போனது. அடியில் போனால் கல்யாண மண்டபம் போல விரிந்த இடம். அதிலிருந்து வழி உள்ளே உள்ளே போகிறது. மஞ்சள் விளக்குப் போட்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. காற்றுக்காகக் குழாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள், அந்தக் குழாய் கண்ட இடத்தில் எல்லாம் நின்று, முந்தானையை விரித்துக் காற்று வாங்கிக்கொண்டோம். ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று இடுப்புக்கு வந்தன. கைடு ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. நல்ல மனுஷன்.

ஒவ்வொரு கல்லையும் காட்டி இது சிங்கம், இது பாம்புப் படம், இது ஆலமரத்து விழுது என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்ன பிறகு பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. லிங்கம் லிங்கமாகக் கூரையில் தொங்குகிற இடத்தில் எங்களவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கற்பூரத்தை எடுத்துவிட்டாள், கைடு பதறிப் போய்த் தடுத்தார். இன்னோர் இடத்தில் கட்டையால் கல்லைத் தட்டிக் காட்டினார், ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் கொடுத்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் மனசு ஒன்றிலும் நிற்கவில்லை. முன்னால் போகிறவளின் பின்னங்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். நரை விழுந்திருந்தது.

முன்னால் போகிறவள் என் தங்கைதான். அது எப்படி நடந்தது என்று கேட்டால், யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை. வழி குறுகிப் போய் ஒருவர் பின் ஒருவராக நுழைய வேண்டி வந்ததும், கால் தன்னால் பழைய வரிசைக்கு வந்துவிட்டது. காலையில் மலைக்குப் போகும்போது நாங்கள் நெரைப்படிதான் நடப்போம், இத்தனை வருஷமாக அப்படியே நடந்து பழக்கம். கடைசி நெரைக்காரி முதலில், பிறகு மற்றவர்கள், தங்கைக்குப் பின்னால் நான். நடுவில் நிற்கிற நாலு பேர் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்சம் அகலமான ஓர் இடம் வந்தது. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் இடுப்புயரக் கம்பி. கம்பிக்கு அப்பால் தரை சரிந்து, ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கியது. அங்கே எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார் கைடு. மேலே நாம் பார்க்கிற இருட்டெல்லாம் இருட்டே இல்லை, அசல் இருட்டு என்ன என்று ஒரு நிமிஷம் காட்டட்டுமா என்று கேட்டார். பயப்படுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டார். ஒருத்தரும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், போனை அணைத்துவிடுங்கள், யாரும் பேசக்கூடாது, இருந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த பெட்டியில் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்தார்.

மூட்டம் வெள்ளையாக இருக்கும். இது கறுப்பு. வித்தியாசம் அவ்வளவுதான், மற்றபடி இரண்டும் ஒன்றுதான். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்று. பக்கத்தில் ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை.

வரிசையின் அந்தக் கோடியில் இருந்து கடைசி நெரைக்காரி 'ஹோய்' என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, வாய் தன்னால் கொடுத்துவிட்டது என்று பிறகு சொன்னார். கைடு 'ஷ்ஷ்' என்றார். அதற்குள் அடுத்தவள் கொடுத்துவிட்டாள். அதற்கடுத்தவள். குரல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கண் தெரியாத இடத்தில் குரல் கொடுக்காமல் நிற்க எங்களுக்குத் தெரியாது.

தங்கை கொடுத்தாள். எனக்கு அடுத்தாற்போல, இரண்டு எட்டு தூரத்தில், 'ஹோய்' என்று.

நான் கொடுக்கவில்லை.

மறந்தேன் என்று சொன்னால் பொய். வாய் வரைக்கும் வந்ததை இறுக்கி மூடிக்கொண்டேன். ஊரைவிட்டுப் போகிறதைச் சொல்ல வாயில்லை, 'ஹோய்' என்பதற்கு மட்டும் வாய் இருக்கிறதா? வேண்டுமென்றால் அக்கா என்று கூப்பிடட்டும். அதுதான் என் புத்தியில் ஓடியது. கேட்டால் கைடு பேசக்கூடாது என்றாரே என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாம் தடவை கொடுத்தாள். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கினேன். மூன்றாம் தடவை அது குரலாகவே இல்லை. அதற்குப் பிறகு சரசரவென்று சேலைச் சத்தம், கல் உருளும் சத்தம். வரிசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். 'அக்கா' என்று ஒரு குரல் கீழே இருந்து வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்து இல்லை, கீழே இருந்து.

கைடு விளக்கைப் போட்டார்.

அவள் கம்பிக்கு அந்தப் பக்கம், சரிவின் அடியில், நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தாள். முழங்காலில் சேலை கிழிந்து ரத்தம். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் கம்பிக்கு அடியில் புகுந்து இறங்கியிருக்கிறாள். கையால் தரையைத் தடவித் தடவி என்னைத் தேடியிருக்கிறாள். விளக்கு வந்ததும் தலையை நிமிர்த்தினாள். நான் மேலே, நிறுத்திய இடத்தில், ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

என்னை உச்சியில் இருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"உயிரோட இருந்துக்கிட்டேவா அக்கா சும்மா நின்னே?" என்றாள்.

ஒன்பது வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அதற்குள்தான் இருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. கைடு தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியுமாகப் புலம்பிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். நகரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இறங்கி அவளைத் தூக்கிவிட்டார்கள். எங்களவர்கள் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேசக்கூடாது என்று சொன்னாரே என்று நான் வாயெடுத்தேன். கடைசி நெரைக்காரி, அந்தப் பேச்சை இதோட விடு என்றார். பிறகு என் தங்கையின் முழங்காலைப் பார்த்துவிட்டு, தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று, எனக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

அதற்கு மேல் பாதாள கங்கை என்று ஒரு தண்ணீர் இருக்கிறது, கீழே இறங்க வேண்டும். அந்த முழங்காலோடு அவளால் முடியாது. அவளை ஒரு கல்லில் உட்காரச் சொல்லி, வரும்போது அழைத்துக்கொள்கிறோம் என்றார் கைடு. யார் துணைக்கு இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் புகழ்பெற்ற தண்ணீரை நான் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் காற்றுக்குழாய் ஊதிக்கொண்டிருந்தது. என் ஸ்வெட்டரை மடித்து அவள் காலுக்கு அடியில் வைத்தேன். அவள் தள்ளிவிடவில்லை. ஆனால் திட்ட ஆரம்பித்தாள். எடுத்த எடுப்பில் சிலோனிலிருந்து வந்த கப்பலில் இருந்து ஆரம்பித்தாள். ராமேஸ்வரத்துக்கு வரும்போது அவளுக்குக் கொடுத்த பிஸ்கட்டை நான் பிடுங்கித் தின்றேனாம். அது எனக்கு நினைவே இல்லை. நான் சின்னதில் இருந்தே திமிர் பிடித்தவள், அம்மா கொடுத்த செல்லம், எதையும் மற்றவர்கள் வந்து தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் எனக்கு என்றாள். அந்தப் பேரை அவள் கேட்கவே இல்லையாம், அம்மாவே ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாளாம். உனக்கு வேலை இருந்தது, புருஷன் இருந்தான், எனக்கு என்ன இருந்தது, படிக்கிற பிள்ளை ஒன்றுதானே இருந்தது என்று கேட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஒருத்தி வாயால் கேட்பது வேறு. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். உள்ளபடியே சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திட்டட்டும், நாள் முழுக்கத் திட்டட்டும் என்றிருந்தது.

திடீரென்று நிறுத்திவிட்டாள். முழங்கால் ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள்.

"அம்மா தூக்கத்துல போகலைக்கா."

நான் நிமிர்ந்தேன்.

"மூணு நாளு கெடந்துச்சு. மூணு நாளும் உன்னையத்தான் கூப்பிட்டுச்சு. பெரியவளே, பெரியவளேன்னு. ஆள் அனுப்பவான்னு பக்கத்து வீட்டுல கேட்டாங்க. நீயா வரட்டும்னு நாந்தான் வேணாம்னுட்டேன்."

மேல் லயத்தில் இருந்து கீழ் லயத்துக்கு நடந்தால் எட்டு நிமிஷம். ஓடினால் நாலு நிமிஷம். அடிக்கக் கை ஓங்கினேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடித்திருந்தால் வாங்கியிருப்பாள். அடிக்கத்தான் வேண்டும் என்று இருந்தது. இவ்வளவு நேரம் என்னைப் பார்த்து, உயிரோடு இருந்துகொண்டே சும்மா நின்றாயா என்று கேட்டவள், தாய் கூப்பிட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு மூணு நாள் சும்மா இருந்திருக்கிறாள்.

ஆனால் கை இறங்கிவிட்டது. எனக்கு அந்த மூணு நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஐப்பசி மாசம், நல்ல கொழுந்து. நான் மூணு நாளும் மலைக்குப் போனேன். பக்கத்து நெரை மூணு நாளும் ஆளில்லாமல் கிடந்தது. கொழுந்து முற்றிக்கொண்டிருந்ததைக்கூடப் பார்த்தேன். ஏன் வரவில்லை, வீட்டில் என்ன என்று நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் சொல்ல அங்கே பத்துப் பேர் இருந்தார்கள்.

அதை அவளிடம் சொன்னேன். நெரை காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை என்று. இரண்டு பேரும் அழுதோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அழவில்லை. குழாயில் காற்று ஊதிக்கொண்டே இருந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கீழே போனவர்கள் திரும்பி வந்ததும் கையைக் கொடுத்தேன், பிடித்து எழுந்தாள். படியில் ஏறும்போது என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். கனமாக இருந்தாள். வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. ஆளுக்கு ஒரு சோடா குடித்தோம். வேனில் அவள் முன் சீட்டிலேயே உட்கார்ந்தாள், நான் பின்னாலேயே உட்கார்ந்தேன்.

மாசியில் திருப்பூர் போய்விட்டாள். சாமான் ஏற்ற நான் போனேன், அண்டா பானையெல்லாம் தூக்கிக் கொடுத்தேன். அம்மாவின் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவளை மன்னித்துவிட்டாயா என்று கடைசி நெரைக்காரி கேட்டார். இல்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதேதான் சொல்வேன். அவளும் என்னை மன்னித்திருக்க மாட்டாள், அதற்கான காரணமும் அவளுக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடிப்பாள். தண்ணீர் வராததைப் பற்றி, மருமகளைப் பற்றி, மழைக்காலத்தில் அந்த முழங்கால் வலிப்பதைப் பற்றி ஏதாவது பேசுவாள். சில சமயம் எனக்குப் பேசப் பிடிக்காது. அவள் குரலைக் கேட்டாலே அந்த மூணு நாளும் நெஞ்சில் வந்து நிற்கும். அப்போதும் கையில் மாவு இருந்தாலும், அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலும், முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். எடுக்காவிட்டால் அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும்.